வீரமலை காணாத கனவு

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒரு கனவு கண்டுவிடுவது என்று வியாழக்கிழமை மத்தியானமே வீரமலை முடிவு செய்துவிட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் சாப்பாட்டு நேரம். தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்த முடிவு அது. என்ன கனவு, அதில் யார் வருவது, வந்தவர் என்ன பேசுவது என்பதெல்லாம் மோர்ச்சோறு முடிவதற்குள் தயாராகிவிட்டது.

எல்லாம் மெட்ராஸில் நடக்கவிருந்த குஸ்திக்காகத்தான். பஞ்சாபிலிருந்து வரும் பயில்வான் ஒருவன் ஒரே சமயத்தில் இரண்டு பேரைத் தூக்கிப் போடுவானாம். கூட வேலை பார்க்கும் ஜெகபர் அலியும் தைரியராஜும் போவதென்று தீர்மானித்துவிட்டார்கள். வீரமலையிடமும் அந்த வருஷத்து ரயில்வே பாஸ் ஒன்று மீதமிருந்தது. அதில் பெண்சாதிக்கும் இடமுண்டு என்பதுதான் சங்கடம். குஸ்தி பார்க்கத் தனியாகப் போகிறேன் என்றால் வள்ளிக்கண்ணு ஒத்துக்கொள்ளமாட்டாள், வீட்டில் பாத்திரங்கள் தாமாக உருள ஆரம்பித்துவிடும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். கேட்டுப் பார்க்கவில்லை. பொதுவாகவே அவர் வீட்டில் எதையும் கேட்டுப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

வள்ளிக்கண்ணு ஸ்ரீரங்கத்துப் பெண். ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் கனவு கண்டாலும் குழாயடிக்குக்கூடப் போகாமல் நேராக அவளிடம்தான் வருவார்கள். கனவு தலைகீழாகத்தான் பலிக்கும் என்பது அவளுடைய சட்டம். கல்யாணம் கண்டால் வீட்டில் யாருக்காவது ஆகாது. சாவு கண்டால், கனவில் செத்தவருக்கு ஆயுசு கெட்டி. பக்கத்து வீட்டு அமிர்தம், மாமியார் போய்ச் சேர்ந்ததாகக் கனவு கண்டு ஆசையோடு ஓடி வந்தாள். அர்த்தம் கேட்டுவிட்டு முகம் தொங்கிப் போய்த் திரும்பினாள்.

இந்தச் சட்டம் வீரமலைக்கும் தெரியும். ஆனால் சாமி வருகிற கனவுக்கு அது செல்லாது என்று அவர் கணக்குப் போட்டார். பாவம், அங்கேதான் பிசகிவிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வீரமலை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

“வள்ளி, பெருமாள் வந்தாரு.”

“எந்தப் பெருமாள்?” அவள் பால் செம்பைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“மீசை வச்சவரு. மெட்ராஸ் திருவல்லிக்கேணிப் பெருமாள்.”

“நம்ம ரெங்கன் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்காரு. அவர் வராம மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் கிளம்பி வந்தாராக்கும்?”

“நம்மவர் படுத்திருக்காரில்ல? அவர் எழுந்து கிளம்ப நேரமாகும்.”

இந்தப் பதில் வீரமலைக்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த உற்சாகத்தில் தேவைக்கு மேல் பேசினார். பெருமாள் மீசையை முறுக்கினாராம். ‘நீயும் என்னை மாதிரி மீசைக்காரன், அந்த மீசையோடு தனியாக வந்து என்னைப் பார்’ என்றாராம். அதில் மீசைக்கு வேலையே இல்லை. ஆனால் ஒர்க் ஷாப் முழுக்க மீசைக்கார வீரமலை என்று பெயர் வாங்கியவருக்கு அதைப் பெருமாள் வாயால் ஒரு தரம் சொல்ல வைக்க ஆசை.

வள்ளிக்கண்ணு பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“கூப்பிட்டா போகாம இருக்கக் கூடாதுங்க” என்றாள். வீரமலைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவள் அதோடு நிறுத்தவில்லை. “ஆனா கனவு தலைகீழால்ல பலிக்கும்? தனியா வான்னா குடும்பத்தோட வான்னு அர்த்தம். மீசையோட வான்னா…” மீதியைச் சொல்லாமல் அவருடைய மேலுதட்டைப் பார்த்தாள்.

“சாமி சொல்றதுகூடவா தலைகீழு?”

“நேராச் சொல்றதா இருந்தா கோயில்லயே சொல்லியிருப்பாரே. கனவுல எதுக்கு வராரு?”

அப்படிப் பார்த்தால் ‘வா’ என்றால் ‘வராதே’ என்றல்லவா ஆகிறது? நல்ல கேள்விதான். வாய்வரை வந்தது. ஆனால் கேட்டால் மெட்ராஸே கைவிட்டுப் போய்விடும். வீரமலை அதை விழுங்கினார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்றால் பெருமாள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னவன் என்று ஆகிவிடும். அதற்குள் சேதி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவி, அமிர்தம் தன் பங்குக்குச் சூடம் ஏற்றச் சொல்லிக் காசு முடிந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

சலூன் அழகிரி நிஜமாகத்தானா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தான். வீரமலை கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண்ணாடியில் யாரோ ஒரு சாது உட்கார்ந்திருந்தார். மறுநாள் ரயிலில் எதிரே வந்து உட்கார்ந்த ஜெகபர் அலி, அவரைத் தாண்டி வள்ளிக்கண்ணுவைப் பார்த்து, “வீரமலை வரலையா தங்கச்சி?” என்று கேட்டார்.

திருவல்லிக்கேணியில் தரிசனம் நன்றாகவே ஆயிற்று. பெருமாளின் மீசை பத்திரமாக இருந்தது. வீரமலை அதை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் கடற்கரை. வீரமலையின் மூளை இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அவளை மணலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவினால் கடைசிக் குஸ்தியையாவது பிடித்துவிடலாம். சொல்வதற்குத் திரும்பினார். அவள் பக்கத்தில் இல்லை.

வள்ளிக்கண்ணு தண்ணீருக்குள் போய்விட்டிருந்தாள். அலை வந்ததும் பின்வாங்கினாள். அடுத்த அலைக்கு நகரவில்லை. ஒரு கை அள்ளி வாயில் வைத்து, முகத்தைச் சுளித்து, தனக்குத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பை வீரமலை பார்த்து ரொம்ப காலமாயிற்று.

கல்யாணமான புதிதில் காவேரிக்கரை அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. இவ்வளவு தண்ணீரும் போய்ச் சேருகிற இடத்தை ஒரு தடவை காட்டுவீர்களா என்று கேட்டாள். தண்ணீர்தானே, காவேரியில் இல்லாததா என்று அவர் பெரிய ஹாஸ்யம் போலச் சொல்லிச் சிரித்தார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. வருஷா வருஷம் பாஸ் வந்தது. பெரியப்பா கருமாதிக்கும், சிநேகிதன் மச்சான் கல்யாணத்துக்கும், சும்மா ஊர் சுற்றவும் அவர் போய்வந்தார். இவளும் ஒவ்வொரு தடவையும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்பினாள்.

வீரமலைக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது. இளம் வயதில் இவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாமே என்று நினைத்தார். பொய்யாகச் சொன்ன கனவுக்குக்கூடப் பெருமாள் ஏதோ அர்த்தம் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். குஸ்திக்கு நேரமாகி, நேரம் கடந்தும் போயிற்று. அவர் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவள் ஈரப்புடவையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

“வள்ளி, பெருமாள் என் கனவுல வரவே இல்ல.”

“தெரியும்.”

“எப்படி?”

“மூணு பேரும் குஸ்திக்குப் போறீங்கன்னு ஜெகபர் அலி அண்ணன் வீட்டு சாரா பீவி முன்னாடியே சொல்லிட்டா. உங்களுக்குக் கட்டிக்கொடுக்கப் புளிகூட ஊறப்போட்டு வச்சிருந்தேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பெருமாளைக் கூட்டிக்கிட்டு வந்தீங்க.”

“சொல்லியிருந்தா தனியா அனுப்பியிருப்பியா?”

“எப்பவும் அனுப்பிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

வீரமலை பழக்கத்தில் மீசையை முறுக்கக் கையைக் கொண்டுபோனார். மேலுதட்டில் உப்புக்காற்று பட்டு எரிந்தது.

“கடலைப் பார்க்கணும்னு என்கூட வந்தே. அது நியாயம். மீசை உன்னை என்ன பண்ணுச்சு?”

வள்ளிக்கண்ணு முந்தானை ஓரத்தைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “அதுவா? பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே எனக்கு அது பிடிக்கலங்க. யாரும் என்னைக் கேக்கல.”