ஏழாம் நம்பர் ரேஸ் வண்டி

நூலகரின் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"மூச்ச உள்ள இழுத்துப் பிடிங்க," என்றாள் மனைவி, அவருடைய அக்குளில் கை கொடுத்தபடி. அவள் நர்ஸ். ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்கிப் பழகியவள்.

"மூச்சுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. அது வரைக்கும் பேசாம இருப்பீங்கல்ல."

செருப்பு உள்ளேயே தங்கிவிட, நூலகர் மட்டும் வெளியே வந்தார். பழைய வண்டிகளின் பந்தயத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அந்தச் சிவப்பு வண்டியை இரண்டரை வருடத்துக்கு முன் பழைய இரும்புக் கடையில் பார்த்தார். சுறாமீன் போல மூக்கு. பக்கவாட்டில் வெள்ளை வட்டத்துக்குள் ஏழு. "இத்தாலி ரேஸ் வண்டி சார், ரொம்பப் பழசு," என்றார் கடைக்காரர். அது போதுமாக இருந்தது. மனைவிக்குப் போதவில்லை.

"கதவு எங்கங்க?"

"ரேஸ் வண்டிக்குக் கதவு வைக்க மாட்டாங்க. எடை கூடிரும்."

"எஞ்சின்?"

"யாரோ கழட்டி வித்திருக்காங்க."

"தரைக்கு நடுவுல இவ்ளோ பெரிய ஓட்டை?"

"அதுவும் எடையக் குறைக்கத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, நோட்டில் 'ஓட்டை' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொண்டார்.

நான்கு சக்கரமும் சுற்ற மறுத்தன. பதினைந்து நாள் எண்ணெய் விட்டார், தட்டினார், கெஞ்சினார். கடைசியில் அறுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ சக்கரங்களை மாட்டினார். அடியில் புது இரும்புச் சட்டம், பின்னால் ஆட்டோ எஞ்சின், உடைத்த காரிலிருந்து எடுத்த ஸ்டியரிங் பெட்டி எல்லாம் பக்கத்துத் தெரு வெல்டரின் கைவண்ணம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நூலகத்தில் புத்தகத்துக்கு எழுதுவது போல ஒரு அட்டை எழுதி அடுக்கியது நூலகர்.

இடையில் புகுந்தவர் மைத்துனர். மனைவியின் அண்ணன், பழைய வண்டிச் சங்கத்தின் தலைவர். நான்கு வருடமாகச் சங்கத்தின் பந்தயக் கோப்பை அவர் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. இப்போது இரண்டாவது வண்டி வாங்கியிருந்தார். அதை நிறுத்த இடமில்லை. மாமனார் கட்டிய வீட்டில் ஷெட் மட்டும் இருவருக்கும் பொது.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை மைதானத்த ஒரு சுத்து முழுசா வந்துட்டீங்கன்னா ஷெட் உங்களது. நடுவுல நின்னுச்சுன்னா தகரத்த எடைக்குப் போட்டுட்டு சாவிய என்கிட்ட குடுத்துருங்க."

"சரி மச்சான்," என்று சொன்ன பிறகுதான் நூலகருக்குப் பயம் வந்தது.

முழங்காலுக்கு வெல்டர் வழி சொன்னார். "ஸ்டியரிங் பெட்டியத் தலகீழா மாட்டிருவோம் சார். கீழ இடம் கிடைச்சிரும்."

இடம் கிடைத்தது. நூலகர் காலை நீட்டி உட்கார்ந்து, வண்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து வலப்பக்கம் திருப்பினார். வண்டி இடப்பக்கம் போய்க் கொடிக் கயிற்றை அறுத்தது. மனைவியின் வெள்ளைச் சீருடைகள் இரண்டும் வண்டியின் மூக்கில் விழுந்தன.

"அண்ணே, எதிர்ப்பக்கம் போகுது," என்றார் நூலகர் வெல்டரிடம்.

வெல்டர் தலையைச் சொறிந்தார். "பெட்டி தலகீழா இருந்தா அப்படித்தான் சார் போகும். உங்களுக்கு முழங்கால் வேணுமா, திசை வேணுமா?"

நூலகர் முழங்காலைத் தேர்ந்தெடுத்தார்.

பெட்டி மேலேறியதில் ஸ்டியரிங் முகத்துக்கு நேரே வந்து நின்றது, பாதை தெரியவில்லை. நூலகத்தில் கழித்துக் கட்டிய இரண்டு தடித்த அகராதிகளை இருக்கையில் போட்டு ஏறி உட்கார்ந்தார். பாதை தெரிந்தது, பிரேக் எட்டவில்லை. பிரேக்கில் மரக்கட்டை வைத்துக் கட்டினார்கள். கட்டை அகலம். பிரேக்கை மிதித்தால் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து அமுங்கியது.

"சின்னதா செதுக்கிரலாமே," என்றாள் மனைவி.

செதுக்கினார்கள். கட்டை இரண்டாகப் பிளந்தது. அப்போது சனிக்கிழமை சாயங்காலம்.

"பிரேக் இல்லாம எப்படிங்க நிறுத்துவீங்க?"

நூலகர் நோட்டைப் புரட்டினார். அதில் பதில் இல்லை. "பெட்ரோல் தீந்தா நின்னுரும்."

அவள் உள்ளே போய், மருந்து அளக்கும் குப்பியை எடுத்துவந்தாள். "எத்தன சுத்துக்கு ஊத்தணும்?"

"பந்தயம் ஒரு சுத்துதான். எதுக்கும் ரெண்டுக்கு ஊத்து."

மறுநாள் மைதானத்தில் ஒன்பது வண்டிகள். கொடி அசைந்ததும் நூலகர் கடைசியாகக் கிளம்பினார். வலது போக இடது, இடது போக வலது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பிரேக் பிடிக்கிற வண்டிகளெல்லாம் வளைவில் தயங்கின. அவருக்குத் தயங்க வழியில்லை. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று தாண்டிக்கொண்டே போனார். கடைசி வளைவில் முன்னால் மைத்துனர் மட்டும் இருந்தார்.

மைத்துனர் திரும்பிப் பார்த்தார். திறந்த வண்டி, நூலகரின் கைகள் நன்றாகத் தெரிந்தன. அவை ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தன. மைத்துனர் அனுபவசாலி. சட்டென்று வலப்பக்கம் அணைத்து வழியை அடைத்தார். நூலகர் இடப்பக்கமாக அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

அமுங்கிய ஆக்ஸிலேட்டர் மேலே வராததால் கோட்டைக் கடந்த பிறகும் வண்டி நிற்கவில்லை. இன்னொரு முழுச் சுற்று ஓடியது. வெற்றிச் சுற்று போகிறார் என்று கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. மிகச் சரியாகக் கோட்டருகே வந்து பெட்ரோல் தீர்ந்தது. மனைவி வெற்றுக் குப்பியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

மைத்துனர் கோப்பையைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டியிருந்தது.

"ஷெட் உங்களுக்குத்தான் மாப்ளே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். எந்தக் கம்பெனி, எந்த வருஷம்?"

"அது ரகசியம் மச்சான்," என்றார் நூலகர். இரண்டரை வருடம் தேடியும் கம்பெனி, வருடம் எழுத வேண்டிய அந்த அட்டையை மட்டும் அவரால் நிரப்ப முடியவில்லை. ஆனாலும் வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குத் தன் மேல் ஒரு சந்தேகமும் இல்லை.

அப்போது, சட்டையெல்லாம் கிரீஸ் படிந்த ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சிவப்பு மூக்கைப் பாசத்தோடு தடவிக் கொடுத்தார்.

"எங்க ராட்டினத்துல குழந்தைங்க ஏறிச் சுத்திட்டிருந்த வண்டி சார் இது, நடுவுல இருக்குற ஓட்டையிலதான் கம்பி போகும்," என்றார். "எல்லாத்தையும் இரும்புக்குப் போட்டுட்டேன், ஒரு மரக்குதிரை மட்டும் மிச்சம் இருக்கு, அதுக்கும் எஞ்சின் வெச்சுப் பாக்குறீங்களா?"