ஆட்சேபணை சொன்ன பேஸ் கிடார்

சால்டரிங் புகை மூக்கில் ஏறினால் எனக்குச் சாம்பிராணி மணக்கும். கோயிலில் சாம்பிராணி புகைந்தால் முதுகு வியர்க்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு பேஸ் கிடார்.

அது சேவியர் மச்சானுடையது. ஸ்டெல்லாவின் அண்ணன், ஆஸ்டின் டவுனில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் வாசிப்பவர். அப்பா இல்லாத வீடு. அவர் தலையாட்டினால்தான் ஸ்டெல்லா எனக்கு. ஆட்டியிருந்தார், பாதித் தலையை மட்டும். "பையன் நல்லா பேசறான். கைவேலை ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டாராம். (எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோக்காரனைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது?)

அந்தக் கிடாரில் ஓயாமல் ஒரு கொர்ர். "குடுங்க மச்சான், ஒரு மணி நேரம்" என்று வாங்கி வந்தேன்.

பின்மூடியைக் கழற்றினால் தீப்பெட்டி அளவில் ஒரு பிரீஆம்ப். கம்பியின் அதிர்வை வாங்கி, ஒன்பது வோல்ட் பேட்டரியின் தெம்பில் பெரிதாக்கி வெளியே அனுப்புகிற குட்டிப் பலகை. விட்டுப்போன எர்த் ஒயரைப் பற்றவைத்ததும் கொர்ர் நின்றது. அங்கே நானும் நின்றிருக்க வேண்டும். கடல் மாதிரி முழங்க வேண்டாமா? எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்கு ஓடி இன்னொரு பேட்டரி வாங்கி, பதினெட்டு வோல்ட் ஆக்கினேன். இருந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கி மறுபடி பற்றவைத்தேன். அந்த ஆனந்தத்தில் வால்யூம் குமிழின் இரண்டு ஓர ஒயர்களும் இடம் மாறிக்கொண்டன. இனி திறந்தால் மூடும், மூடினால் திறக்கும். சோதித்தபோது குமிழ் பாதியில் நின்றதால் எல்லாம் தேனாகக் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. எங்கள் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை உண்டா என்று எல்லோரையும் கேட்பது எங்கள் வழக்கம்.

பாட்டுக்குப் பாட்டு மச்சான் வால்யூமை முழுக்கத் திருப்பினார். கொசு முனகுவதுகூடக் கேட்கவில்லை. என்னை முறைத்தார். நான் பீடத்தைப் பக்தியோடு பார்த்தேன். கடைசியில் வெறுத்துப்போய், ஃபாதர் ஓலையை முடிக்கிற நேரத்தில், குமிழை இறுக மூடி கிடாரை ஆம்ப்ளிஃபயர் மேல் சாய்த்தார்.

"...தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்."

ஊஊம்ம்ம்.

ஸ்பீக்கரின் அதிர்வு கம்பியில் ஏற, கம்பியின் அதிர்வு ஸ்பீக்கரில் இறங்க, முதலில் தூரத்து லாரி. பிறகு அந்த லாரி கோயிலுக்குள் வந்தது. ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடித்தன. மச்சான் பாய்ந்து குமிழை மூடினார். ஏற்கெனவே மூடியதை மேலும் மூடினார். குமிழ் கையோடு வந்துவிட்டது. யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள்.

ஃபாதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரது? எழுந்து நின்னு பேரைச் சொல்லுங்க."

பூசை முடிந்து வாசலில் ஸ்டெல்லாவின் அம்மா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தார். "சேவி, ஆண்டவரே வேணாங்கறாருப்பா. நிறுத்திடலாம்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். பேச்சுக்குப் பேர்போன நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

மச்சான் உள்ளங்கையில் குமிழை உருட்டினார். "அம்மா, அது ஆண்டவர் இல்ல. இந்த லூசு."

"லூசுக்கா பொண்ணு குடுக்கறது?"

"வெளியே விட்டா ஊர்ல மிச்சமிருக்கற கிடாருங்க கதி என்னாவறது? நம்ம கண்ணு முன்னாடியே இருக்கட்டும்."

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. இன்றுவரை வீட்டில் ஸ்க்ரூடிரைவர் என் கைக்குக் கிடைத்ததில்லை. பல்பு மாற்றுவதும் ஸ்டெல்லாதான். நான் எதற்காவது மறுப்புச் சொன்னால், "பிளக்கைப் பிடுங்குடி" என்பாள் மகளிடம். மச்சானோ அந்த ஒயர்களை மாற்றவே விடவில்லை. உல்ட்டாவாகவே வாசித்துப் பழகிவிட்டார்.

போன ஞாயிறு மகளுக்கு முதல் ஓலை. "தடை ஏதும்" என்று ஃபாதர் தொடங்கியதுமே எங்கள் வரிசை மொத்தமும் பாடகர் குழுவைத் திரும்பிப் பார்த்தது. மச்சான், கழற்றிய பிளக்கை மெழுகுதிரி போல உயர்த்திக் காட்டினார்.

வாசலில் வருங்கால மருமகன் அவர் தோளில் தொங்கிய கிடாரைத் தட்டினான். "அங்கிள், வால்யூம் உல்ட்டாவா இருக்கே. குடுங்க, ஒரு மணி நேரம்."

மச்சான் என்னை ஒருமுறை பார்த்தார். ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"தரேன் மாப்ளே. இன்னும் ரெண்டு ஓலை இருக்கு. அது முடியட்டும்."