எல்லா சர்வருக்கும் என் பெயர்

இலுப்பூர்

மதிப்பிற்குரிய மேலாளர் தம்பி ரகுநாத் அவர்களுக்கு, உங்கள் கம்பெனியில் வேலை பார்க்கும் அருணாவின் மாமனார் பெரியகருப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி பொற்கொடியும் சுகம். அங்கு உங்கள் சுகமும் உங்கள் சர்வர்களின் சுகமும் அறிய ஆவல். போன வருடம் வரை நான் கைநாட்டு. இது என் முதல் கடிதம்.

வெள்ளிக்கிழமை உங்கள் சோதனை சர்வர்கள் எல்லாம் படுத்துக்கொண்டதற்குக் காரணம் அருணா இல்லை, நான். அவள் எழுதிய செய்முறை விளக்கம் தேறாவிட்டால், வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், சென்னைக்கு வா என்று இந்த வாரக் கடைசியில் சொல்லிவிடுவீர்களாம். என் மகன் பிரசாந்த் குவைத்தில் இருக்கிறான். அருணாவும் பேத்தியும் கிளம்பிவிட்டால் நானும் பொற்கொடியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அது நாற்பது வருடம் பார்த்த முகம். ஆகவே நடந்ததைக் கேளுங்கள்.

நிறைய சர்வர்களைக் கூட்டாகக் கட்டி வைத்தால் கிளஸ்டர் என்றும், அத்தனைக்கும் ஒரே உத்தரவில் அமைப்பை மாற்ற ஒரு கருவி இருக்கிறது என்றும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் எழுதுவதுதான் தன் வேலை என்றும் அருணா சொன்னாள். "மாமா, நீங்க வாசிச்சுப் பாருங்க. ஒங்களுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரிஞ்ச மாதிரி" என்று லேப்டாப் முன்னால் என்னை உட்கார வைத்தாள். தம்பி, அவள் எழுத்து அவ்வளவு தெளிவு. நான் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் வண்டி வந்தது, அவள் வாசலுக்குப் போனாள். எங்கள் எழுத்தறிவு வகுப்பில் செல்வராணி டீச்சர் ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்பார். கையைத் தூக்கு என்று இருந்தால் கையைத் தூக்க வேண்டும், கதவைச் சாத்து என்று இருந்தால் எழுந்துபோய்ச் சாத்த வேண்டும். "வாசிச்சதச் செய்யிங்க, செஞ்சப்பறம் அடுத்தது" என்பார். நான் அப்படியே பழகிவிட்டேன். 'எல்லா சர்வர்களையும் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்தது, பக்கத்திலேயே திறந்திருந்த கருவியில் தேர்ந்தெடுத்தேன். 'புதிய பெயரை இங்கே எழுதி என்டரை அழுத்தவும்' என்று இருந்தது. எனக்குப் பிழையில்லாமல் எழுத வருகிற பெயர் ஒன்றுதான். பொத்தான்களில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது, தேடித் தேடி எழுதி அழுத்தினேன். பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். 'கவனம்: மேலே சொன்னதைச் செய்வதற்கு முன், பழைய அமைப்பைச் சேமித்துக்கொண்டு, ஒரே ஒரு சர்வரில் மட்டும் சோதித்துப் பார்க்கவும்' என்று இருந்தது.

அதற்குள் பெரியகருப்பன் 1, பெரியகருப்பன் 2 என்று வரிசையாக என் பெயர் ஓடியது. தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரேஷன் கார்டில்கூட என் பெயர் இவ்வளவு அழகாக இல்லை. ஆனால் கருவி பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு ஒரு சர்வரும் திரும்பிப் பார்க்கவில்லை. அருணா ஓடி வந்து திரையைப் பார்த்தாள்.

"ஐயோ மாமா! பெரியகருப்பன் மூணு எந்திரிக்கவே மாட்டேங்குது!"

"மூணாவது என்ன, இந்த மொதலாவதே எட்டு மணிக்குத்தான் எந்திரிக்கும்" என்றாள் அடுப்படியிலிருந்து பொற்கொடி.

"அஞ்சு சுத்தமா பதிலே சொல்லல அத்தை!"

"அப்படியே ஒங்க மாமனாரு கொணம். நாம கேட்டா என்னைக்குப் பதிலு வந்துச்சு?"

அருணா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுப்பிவிட்டாள். தம்பி, அவள் எழுதியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அந்தக் கவனத்தை மட்டும் இரண்டு வரி மேலே ஏற்றிவிட்டால் போதும். வேகமாகப் படிக்கிறவர்கள் முழுப் பக்கத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவார்கள் போல. எனக்கு ஒரு வரிக்கு அப்புறம்தான் இன்னொரு வரி. பள்ளத்தைத் தாண்டிய பிறகு பள்ளம் இருக்கிறது என்று பலகை வைத்து என்ன பயன்? மற்றபடி ஒரே ஒரு வேண்டுகோள். மூலையில் கிடக்கும் ஒரு சர்வருக்காவது என் பெயரை விட்டுவையுங்கள்.

ஒன்று தளர்ந்தால் இன்னொன்று தாங்கும் உங்கள் கிளஸ்டரைப் போல நீங்களும் உங்கள் வீட்டாரும் ஒருவரை ஒருவர் தாங்கி நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

அன்புடன்,
பெரியகருப்பன் (என் கையாலேயே போட்ட கையெழுத்து)

பின்குறிப்பு. கவனம்: மேலே உள்ள கடிதத்தைப் படிப்பதற்கு முன் இதைப் படிக்கவும். கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அருணா சிரித்துக்கொண்டே வந்தாள். "மாமா, ஓகே ஆயிருச்சு! நான் இங்கனயே இருக்கலாம். நாந்தான் வேணும்னே தப்பாச் செஞ்சு ஓட்டையக் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டேன். மேனேஜருக்கு ஒரே சந்தோசம். யாரு அந்தப் பெரியகருப்பன்னு கேட்டாரு. எங்க கொலசாமின்னுட்டேன்!" ஆகவே மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நாலு நாள் உட்கார்ந்து எழுதியது, மனசு வரவில்லை. அப்படியே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.