ஒன்றாம் நம்பர் மண்ணைச் சுடாதே

அன்பு மிகுந்த, பொறுமையும் மிகுந்திருக்க வேண்டிய மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் அக்கா என்னைவிட நலம். நேற்று ராத்திரி சாப்பாட்டிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அதில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. நீயும் உன் மனைவியும் உன் செங்கல் சூளையும் நலமாக இருக்க வேண்டும். சூளையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் அந்த இரைச்சலில் "சரி அத்தான், சரி அத்தான்" என்று சொல்லிவிட்டு நேர்மாறாகச் செய்வாய். அதனால் உன் பக்கம் வரும் லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

மாப்பிள்ளை, நேற்றுக் காலை உனக்கு வந்து இறங்கிய லோடு மண்ணைத் தொடாதே. பிசையாதே, அச்சில் போடாதே, முக்கியமாகச் சுடாதே. காரணம் நான்தான். முந்தாநாள் என் மகள் தான் வேலை பார்க்கும் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஓய்வுபெற்ற நூலகருக்கு வேறென்ன வேலை, பார்த்த இடமெல்லாம் கேள்வி கேட்டேன். ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக உள்ளே வருகிறது, படிகாரத்தைக் கலக்கிறார்கள், அழுக்கெல்லாம் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடுகிறது. தெளிந்த தண்ணீர் நம் வீட்டுக்கு வருகிறது, சரி, அந்தச் சேறு எங்கே போகிறது? எழுபது வயதுவரை தண்ணீர் குடித்திருக்கிறேன், ஒருநாளாவது இதைக் கேட்டிருப்பேனா! பெரிய பெரிய தகடுகளுக்கு நடுவில் வைத்து அதைப் பிழிகிறார்கள். வெளியே விழுவதை ஒரு கட்டி எடுத்து முகர்ந்தேன், மழை பெய்த வாசனை. "அப்பா, கீழ போடுங்க"ன்னு மகள் அதட்டினாள்.

அப்புறம் பின்பக்க யார்டுக்குப் போனோம். கேட்டிலிருந்து வரிசையாக நாலு குவியல், எல்லாம் ஒரே பழுப்பு. இதில் மூன்று ஆற்றுச் சேறு, ஒரு கெடுதலும் இல்லாதது, உனக்குச் செங்கல்லில் கலக்க வருவதும் அதுதான். மூன்றாம் நம்பர் மட்டும் ஆழ்குழாய்த் தண்ணீரை வடிகட்டியதில் மிஞ்சியது. அதில் ஆர்சனிக் என்கிற நஞ்சு இருக்கிறது. கண்ட இடத்தில் கொட்டினால் மழையில் கரைந்து மறுபடி யாருடைய கிணற்றுக்காவது போய்ச் சேரும் என்பதால், அடியில் உறை போட்ட குழிக்குத்தான் போக வேண்டும். "பார்த்தா ஒரே மாதிரி இருக்கே, எப்படிம்மா கண்டுபிடிப்பே?" என்றேன். "பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதுப்பா. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அது என்னன்னு தெரியும். அதுக்குத்தான் பலகை" என்றாள். எவ்வளவு அழகான பதில்! அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது, நகர்ந்து போய்விட்டாள். நான் பலகைகளைப் பார்த்தேன். கேட்டிலிருந்து மூன்று, நாலு, ஒன்று, இரண்டு என்று நட்டு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருஷம் புத்தகம் அடுக்கிய கை இது. சும்மா இருக்குமா? மூச்சு வாங்க வாங்கப் பிடுங்கி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக நட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, நல்ல காரியம் செய்தோம் என்கிற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் பெருமையாக வேறு சொன்னேன், "உன் பலகை எல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சு, ஒழுங்குபடுத்திட்டேன்"னு. அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்பா, காலைல ஒண்ணாம் நம்பர்லேருந்து மாமாவுக்கு ஒரு லோடு போயிருக்குப்பா" என்றாள். முன்பு மூன்றாம் பலகை நின்ற குவியலில்தான் இப்போது நான் நட்ட ஒன்று நிற்கிறது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. உன் அக்கா அந்தக் குறையைத் தீர்த்துவிட்டுத்தான் பேச்சை நிறுத்தினாள்.

இப்போது அங்கே என்ன சட்டம் என்றால், என்னவென்று தெரியாத கழிவெல்லாம் மோசமான கழிவுதான், சோதனை முடிவு வந்து விடுவிக்கிறவரை. நாலு குவியலும் மோசம், உன்னிடம் இருப்பதும் மோசம். அதைச் சுட்டுக் கல்லாக்கி நாலு பேருக்கு நீ விற்றுவிட்டால் யார் வீட்டுச் சுவரில் போய்த் தேடுவது? மகளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காலையில் மானேஜர் "யார் மாத்தினது?" என்று சத்தம் போட்டதற்கு, "நான்தான் சார், என் பொறுப்பு" என்று சொல்லியிருக்கிறாள். என் பெயரை எடுக்கவே இல்லையாம். கூட வேலை பார்க்கும் பெண்தான் இதைப் போனில் சொன்னாள்; வைத்ததும் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நான் செய்த வேலைக்கு என் பிள்ளை வேலையை இழக்கக் கூடாது, மாப்பிள்ளை.

ஆகவே நேற்று வந்த மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடி, தனியாக வை. அதற்கு முந்தின லோடு என் கை படாதது, சொக்கத்தங்கம், கவலையே வேண்டாம். அதில் அறுத்துக் காயவைத்திருக்கும் கல்லைத் தாராளமாக அடுக்கி, நாளைக்கே சூளையை மூட்டிவிடு. இடமாவது காலியாகும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் எதையும் இடம் மாற்றாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
யார்டுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்ட
உன் அத்தான்

பின்குறிப்பு: டிரைவர் ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும். இப்போதுதான் மகள் போன் செய்தாள். சோதனை முடிவு வந்துவிட்டது. நாலு குவியலும் நான் நட்ட பலகைப்படி அச்சு அசலாக இருக்கிறதாம்! முதலில் கொட்டியபோதே வரிசையாகத்தான் கொட்டியிருக்கிறார்கள். போன மாதம் மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிய புல்டோசர்காரர் பலகைகளைப் பிடுங்கிப் போட்டு, பிறகு மனம்போன போக்கில் நட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதாவது நேற்று உனக்கு வந்தது தங்கம். முந்தின லோடுதான் மூன்றாம் நம்பர்; அப்போது அந்தக் குவியலில் ஒன்றாம் நம்பர் பலகை அல்லவா நின்றது! சூளையை மூட்டாதே! காய்கிற கல்லையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடு, நனையவிடாதே, மகளே நாளை லாரியோடு வந்து எடுத்துக்கொள்வாள். மேலே எழுதியதில் நல விசாரிப்பைத் தவிர மற்றதையெல்லாம் தலைகீழாகப் படித்துக்கொள். மானேஜர் மறுபடியும் கேட்டாராம், "அப்ப யாரும்மா இதைச் சரியா வச்சது?" என்று. இந்தத் தடவை அவள் பொறுப்பைத் தன்மேல் போட்டுக்கொள்ளவில்லை. "எங்க அப்பா சார்" என்று சொன்னாளாம்.