முதல் பக்கத்திலேயே இறந்தவர்

நாலு பேர் எதிரில் நின்றால் சுப்பராமனுக்குக் குரல் எங்கோ ஓடிவிடும். தங்கையின் கல்யாண வரவேற்பில் நன்றி சொல்ல எழுந்தவர், மைக்கைத் தடவிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்படிப்பட்டவரையும் மந்தைவெளிக் குடியிருப்பின் வாசகர் வட்டம் விடவில்லை. இந்த மாதப் புத்தகம், முழுக்கக் கவிதையாக எழுதிய நாவல். ஒரு கல்யாணத்தை இரு வீட்டாரும் மாறி மாறித் தம் பார்வையில் சொல்கிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். வட்டத்தின் செயலாளர் அவர் மனைவி ஸ்ரீரஞ்சனி. தப்பிக்க வழியில்லை.

ஆனாலும் சுப்பராமன் ஒரு திட்டம் போட்டார். காபியை ஆற்றிக்கொண்டே, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"ரஞ்சனி, இந்தக் கதைல யாராவது சாகறாளா?"

"பொண்ணோட தாத்தா. முதல் பக்கத்துலேயே போயிடறார். வருஷத் திவசம் ஆனப்புறம்தான் கல்யாணமே."

"எனக்குத் தாத்தா."

"யோசிச்சுச் சொல்லுங்கோ. அப்புறம் மாத்தப்படாது."

யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வாரம் முழுக்க அவர் ஆபீஸில்கூட விசிலடித்தார். புத்தகத்தைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வட்டம் கூடியது. தாத்தா "வெந்நீர்" என்றார், இறந்தார். அந்த ஒரு சொல்லைத் தெளிவாகவே படித்துவிட்டு, சுப்பராமன் போண்டாத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டாம் மாடி ஹாஜிரா பீ மாமியாராகிப் பொரிந்து தள்ளினார். அவர் முடித்ததும் எல்லோரும் சுப்பராமனையே பார்த்தார்கள்.

பக்கத்தைப் புரட்டினார். தாத்தா சுவரில் மாட்டிய படத்துக்குள்ளிருந்து பேச ஆரம்பித்திருந்தார். புரட்டப் புரட்டத் தாத்தா.

"முதல் பக்கத்துலேயே செத்துடுவார்னியே?" என்று மனைவியின் காதில் முனகினார்.

"செத்தாரே. யாராவது சாகறாளான்னுதான் கேட்டேள். செத்தப்புறம் வாயை மூடிண்டு இருப்பாரான்னு கேக்கலையே."

எழுந்தார். புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் வரிகள் எல்லாம் குட்டி குட்டி. மூன்று சொல், நிறுத்தம். இரண்டு சொல், நிறுத்தம். நடுங்கவும் மூச்சு வாங்கவும் வசதியாக எழுதியிருந்தார்கள். அவர் பயத்தில் திணறிய இடத்தையெல்லாம் கூட்டம் உருக்கம் என்று எடுத்துக்கொண்டது. தரைத்தளத்து பத்ரிநாராயணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரி வந்தபோது குரல் ஓடாமல் அங்கேயே இருந்தது. எத்தனையோ வருஷத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கிப் போனது.

மாடிப்படி இறங்கும்போது சுப்பராமன் நிமிர்ந்து நடந்தார்.

"ஆமா, நீ எந்தப் பாத்திரம்? உன் குரலே கேக்கலையே?"

"கல்யாணப் பொண்ணு," என்றாள் ஸ்ரீரஞ்சனி, காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு. "புத்தகம் முழுக்க அவளை யாரும் ஒரு வார்த்தை பேச விடலை. எனக்கும் கூட்டம்னா உதறும், அதான் முதல் நாளே பார்த்து எடுத்து வெச்சுண்டேன்."