குளோரின் போன கிரிவலம்

நிருதி லிங்கத்தைத் தாண்டிய பிறகுதான் சகாதேவனுக்கு உறைத்தது: கிரிவலத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்கிறார்கள்.

திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியலும் வேதியியலும் சேர்த்து நடத்துகிறவருக்கு இது கொஞ்சம் தாமதமான கண்டுபிடிப்புதான். பௌர்ணமி விடியற்காலையில் செங்கம் ரோட்டிலிருக்கும் தன் வீட்டு வாசலிலிருந்து அவர் கிளம்பியிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் தாய்வீட்டிலிருந்து மனைவி கஸ்தூரி அதே நேரத்துக்குக் கிளம்பியிருந்தாள். வழியில் தற்செயலாக எதிரெதிரே சந்தித்துக்கொள்வது திட்டம். காகிதத்தில் வட்டம் போட்டுப் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. அம்புக்குறி போடத்தான் மறந்துவிட்டார்.

அக்காவோடு நடந்துகொண்டிருந்த மைத்துனன் வல்லரசுவுக்குப் போன் போட்டார்.

"எங்கடா இருக்கீங்க?"

"குபேர லிங்கம் தாண்டிட்டோம் மாமா. செம கூட்டம்."

"அப்படின்னா நீங்க எனக்கு முன்னாடி போறீங்கடா!"

"வட்டத்துல முன்னாடி என்ன, பின்னாடி என்ன மாமா?"

"எனக்கே பாடம் நடத்தறியா? நான் வர்றது அவளுக்குத் தெரியாதுல்ல?"

"நீங்கதான் சத்தியம் வாங்கிட்டீங்களே. வாயே தொறக்கல. அன்னதானப் பந்தல் வந்தா மட்டும் தொறக்கறேன்."

சகாதேவன் நடையை எட்டிப் போட்டார். செருப்பில்லாத பாதம். தார் ரோடு இன்னும் சூடேறவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

எல்லாம் ஒரு ஸ்கூட்டரில் ஆரம்பித்தது. இருவர் சம்பளத்திலும் வாங்கிய ஸ்கூட்டர். கஸ்தூரி கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். தினமும் ஷேர் ஆட்டோவில் போனாள். ஸ்கூட்டர் அவரோடு பள்ளிக்கூடம் போனது. ஒரு காதுகுத்துப் பந்தியில் மாமியார் இதை மெதுவாகக் கேட்டுவைத்தார். மெதுவாகவே பதில் சொல்லியிருக்கலாம். சகாதேவன் எழுந்து நின்று சொன்னார்.

"ஹைட்ரஜனும் குளோரினும் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டுப் பங்கு வெச்சுக்குதுங்க. ஆனா குளோரினுக்கு இழுப்பு ஜாஸ்தி, ஹைட்ரஜனுக்குக் கம்மி. அதனால அந்த ஜோடி குளோரின் பக்கமே சாஞ்சு நிக்கும். இதுல லேசா எதிர்மின்சுமை, அதுல லேசா நேர்மின்சுமை. ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்குதுங்க. எங்க வீட்டுல நான் குளோரின்."

சாம்பார் வாளியோடு நின்றவர் உட்பட பந்தியில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கஸ்தூரிக்கு மட்டும் நன்றாகப் புரிந்தது. கை கழுவ எழுந்தவள் அவரோடு வீடு திரும்பவில்லை.

அவர் கவலைப்படவும் இல்லை. பிணைந்த அணுக்கள் ஆற்றல் குறைந்த ஒரு பள்ளத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க வெளியிலிருந்து யாராவது ஆற்றல் கொடுக்க வேண்டும். யார் கொடுக்கப் போகிறார்கள்? தோசை கருகும் வாசனைக்கு நடுவே காத்திருந்தார். அவள் வராததால் செய்தி ஒன்று அனுப்பினார்: "தூரம் பாதியானால் நிலைமின் விசை நான்கு மடங்கு. ஆகவே வரவும்."

"நீங்க வந்தாலும் தூரம் பாதியாகும்" என்று பதில் வந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "விசை இரண்டு பக்கமும் சமம்தான். ஆனால் லேசான அணுதான் அதிகம் நகரும். குளோரின் கனமானது" என்று தட்டிவிட்டார். அதன் பிறகு நீல நிற டிக் மட்டும் வந்தது.

பிறகு வெளியிலிருந்து ஆற்றல் வந்தது. லாட்ஜ் முதலாளி பாண்டிச்சேரியில் புதிதாக ஒன்று திறந்து, கஸ்தூரியை மேனேஜராகக் கூப்பிட்டுவிட்டார். பௌர்ணமிக்கு மலை சுற்றி முடித்ததும் மதியம் பஸ். இதைச் சொல்ல வல்லரசு வந்துபோன பிறகு, சகாதேவன் முதல்முறையாக எந்தச் சூத்திரமும் இல்லாமல் யோசித்தார். ஷேர் ஆட்டோவுக்காக வெயிலில் நின்ற கஸ்தூரி நினைவுக்கு வந்தாள். அவளைத் தாண்டும்போது தினமும் ஹாரன் அடித்து டாட்டா காட்டிய தன் கையும் நினைவுக்கு வந்தது.

மாமியார் வீட்டுப் படியேற மட்டும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தத் தற்செயல் ஏற்பாடு. வேட்டி மடிப்பில் ஸ்கூட்டர் சாவி இருந்தது. 'இதை நீயே வெச்சுக்கோ, போகாதே.' வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் நடத்தியதிலேயே மிகச் சிறிய பாடம் அதுதான். அதுதான் வாயில் நிற்க மறுத்தது.

அடி அண்ணாமலை வந்ததும் அடுத்த போன். "ராஜகோபுரம் வந்துட்டோம் மாமா" என்றான் வல்லரசு, எதையோ மென்றபடி.

அரை வட்டம் நடந்தும் இடைவெளி அப்படியே இருந்தது. சகாதேவன் துணிந்து திரும்பினார். வந்த வழியே, கூட்டத்துக்கு எதிராக.

"யோவ், கண்ணு தெரியலயா? எதிர்ல வர்றியே!"

"ஒரு அவசரம்ங்க."

"சாமியையே எதிர்த்துக்கினு போற அவசரமா?"

விசிலோடு வந்த தொண்டர் ஒருவர் அவரைத் தோளில் பிடித்து, பம்பரம்போல் திருப்பிவிட்டார். அவ்வளவு சுலபமாக அவரை யாரும் அதுவரை திருப்பியதில்லை. ஓட்டமும் நடையுமாகப் போனார். குதிகாலில் கொப்புளம் கிளம்பியது. முக்கால் வட்டம் முடிந்து, ஈசானிய லிங்கத்தருகே மூச்சு வாங்க மறுபடி போன் போட்டார்.

"மாமா, நான் உங்க வீட்டைத் தாண்டி ஒரு பொங்கல் பந்தல்ல நிக்கறேன். அக்கா பின்னால வந்துச்சு, இப்ப என்னையும் தாண்டிப் போயிடுச்சு."

"நடக்கறாளா?"

"நடக்கறதா? ஓடுது மாமா! கூப்பிட்டாக் கூடத் திரும்பிப் பார்க்கல."

சகாதேவன் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்தார். தன் வீட்டு வாசலைக்கூட ஓடித்தான் கடந்திருக்கிறாள். இதுவும் பாடத்தில் உள்ளதுதான்: அளவுக்கு மீறி நெருங்கினால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும். வகுப்பில் இதை அவர் எப்போதும் கடைசி மணி அடிக்கும் நேரத்தில் அவசரமாக முடித்துவிடுவார். இவ்வளவு காலம் ஒருத்தியை எவ்வளவு நெருக்கி வைத்திருந்தோம் என்று இப்போது நிதானமாகப் புரிந்தது. துரத்துவது அவளை இன்னும் ஓடத்தான் வைக்கும். போகட்டும். பாண்டிச்சேரியில் அவளுக்கென்று ஒரு ஸ்கூட்டராவது கிடைக்கும்.

மிச்ச வழியை அவர் நடக்கவில்லை, நொண்டினார். வெயில் உச்சி தாண்டியபோது வீட்டருகே வந்து சேர்ந்தார். எதிரே பாஞ்சாலையின் கூழ் வண்டி. காலையில் அவர் விறுவிறுவென்று கிளம்பியபோதும் அவள் அங்கேதான் இருந்தாள்.

போன் அடித்தது. "அக்கா பஸ் ஏறிடுச்சு மாமா. வீட்டுக்கு வந்த வேகத்துல பையைத் தூக்கினு போயிடுச்சு. மூஞ்சியே சரியில்ல. இந்நேரம் கீழ்பென்னாத்தூர் தாண்டியிருக்கும்."

சகாதேவன் போனை வைத்தார். மடிப்பிலிருந்து சாவி நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

பாஞ்சாலை கூழைக் கலக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா சார், தனியா வர்றீங்க? உங்க வூட்டுப் பூட்டின கதவாண்ட கஸ்தூரிம்மா எவ்ளோ நேரம் உக்காந்திருந்துச்சு தெரியுமா? 'போன்ல கேட்டா பாடம் நடத்துவாரு, நேர்ல ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்லட்டும், பஸ்ஸே ஏற மாட்டேன்'னுச்சு. 'சார் முன்னால போறாரு, ஓடினா பிடிச்சுடலாம்'னு நான்தான் சொன்னேன், சேலையைச் சொருவிக்கினு உங்க பின்னாலயே ஓடிச்சே சார்!"