எல்மோரின் சீவாளியை எடுத்தது யார்?

கான்சஸ் சிட்டி
சனிக்கிழமை மதியம்

துல்சாவில் இருக்கும் என் அன்பு அக்கா லுவீனியாவுக்கு, தங்கை ஓப்பல் எழுதிக்கொள்வது. கர்த்தர் தயவில் இங்கே எல்லாரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். உன் முழங்கால் எப்படி? என் கையெழுத்து இந்தத் தடவை நேராக இருப்பதைக் கவனித்தாயா? சமையலறை மேசை பதினாலு வருஷமாக ஆடுகிறது, என் வீட்டுக்காரர் அமோஸ் சரிசெய்கிற வழியாக இல்லை. புதன்கிழமை மாவு தேய்க்கும்போது நானே மேசைக் காலுக்கடியில் ஒரு மரச்சில்லைச் சொருகிவிட்டேன். பாறை மாதிரி நிற்கிறது.

இப்போது விஷயம். உன் மகன் எல்மோரின் சீவாளியை யாரோ திருடிவிட்டார்கள். சாக்ஸஃபோனின் வாயில் கட்டுவார்களே, அது. அதன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, எப்போதும் அவன் வாய்க்குள்தான் கிடக்கும். பெட்டியில் இன்னும் ஆறு இருக்கிறதே என்றால், "சித்தி, அந்த மெதுவான பாட்டுக்கு அது ஒண்ணுதான் பேசும். மத்ததெல்லாம் கத்தும்" என்கிறான். கத்தியது. வியாழக்கிழமை நடன அரங்கில் பேண்டின் பதினாலு பேரும் மூச்சுவிடுகிற மாதிரி மெல்ல வாசிக்க, ஜோடிகள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி மிதக்க, இவன் முன்னால் வந்து உச்சத்துக்கு ஏறினான், மற்ற வாத்தியமெல்லாம் நின்றது, அந்த அமைதியில் ஒரு வாத்து கத்தியது. ஜோடிகள் பிரிந்து நின்றார்கள். பேண்ட் தலைவர் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை ரேடியோவுல போகுது தம்பி. அன்னிக்குச் சாயங்கால ஒத்திகையில வாத்து வந்துச்சுன்னா, பாட்டு ரூஃபஸுக்கு."

ரூஃபஸ் டிரம்பெட் ஊதுகிறவன். புதன்கிழமை இங்கே வந்து நாலு மீன் துண்டு தின்றுவிட்டு, "எல்மோர் நல்லா வாசிக்கணும் அக்கா, அதான் என் ஆசை" என்றான். காரணமில்லாமல் எவனாவது அப்படிச் சொல்வானா? நேற்று மறுபடி சாப்பிட வந்தபோது அவன் கோட்டுப் பையைத் துழாவினேன். என் பிஸ்கட்தான் இருந்தது. அவன் சூப்பில் மூணு பிடி உப்பு அதிகம் போட்டேன்.

அமோஸும் ஆள் சரியில்லை. கறித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம், எல்மோர் ஊதினால் பூட்ஸை எறிவார். "நீங்கதானே எடுத்தீங்க?" என்றேன். "எடுத்தவன் யாருன்னு சொல்லுடி, கையைக் குலுக்கிட்டு வரேன்" என்கிறார்.

உன் மேலும் சந்தேகம்தான் அக்கா. தபாலாபீஸ் பரீட்சை எழுதச் சொல்லி அவனுக்கு உன் கடிதம் வந்ததும் அதே புதன்கிழமை. இது உன் கைக்கு வருவதற்குள் நீ ரேடியோ கேட்டிருப்பாய். வாத்துச் சத்தம் வந்திருந்தால் பெட்டியைத் தட்டாதே, அது உன் மகன்.

கர்த்தர் உன்னையும் உன் முழங்காலையும் காக்கட்டும்.

உன் தங்கை
ஓப்பல்

பின்குறிப்பு: உறை மேசைக்கடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்த எல்மோர் எழுந்திருக்கவே இல்லை.

"சித்தி, இது என்ன?"

"சில்லுடா. ஜன்னல்ல காஞ்சுகிட்டு கிடந்துச்சு."

துடைத்தான், நக்கினான், மாட்டினான், அங்கேயே அந்தப் பாட்டை வாசித்தான். அமோஸ் எழுந்து வந்தார். பூட்ஸ் வரும் என்று நான் தலையைக் குனிந்தால், காலுறையோடு வந்து என் இடுப்பைப் பிடித்து ஆடினார். வளைந்திருந்த சீவாளியை மேசை மூணு நாளில் நிமிர்த்திவிட்டதாம், முன்னைவிட இனிக்கிறதாம். ஒத்திகைக்கு ஓடிவிட்டான். ரூஃபஸுக்கு ஒரு முழுத் தட்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு செய்கிறேன், காரணம் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. கடைசி வரிகள் கோணலாக இருக்கும். மேசை மறுபடி ஆடுகிறது.